செராய் வேலியும் ரெண்டு மாத்திரையும்

போன வாரம், துறைமுகத்துல தப்பான கேட்டுக்குள்ள லோரியை விட்டுட்டு அரை நாள் மாட்டிக்கிட்ட கதையைப் படிச்சுட்டு நிறையப் பேர் சிரிச்சீங்களாம். சந்தோஷம். இந்த வாரம் சிரிக்க ஒன்னுமில்ல. இதை எழுதாமலே விட்டுடலாம்னுதான் இருந்தேன். எங்க வீட்ல ஒருத்தி விடமாட்டேங்கிறா.

சில வருஷத்துக்கு முன்னால, ஒரு சனிக்கிழமை காலையில. முதல் நாள் பெய்ஞ்ச மழையில மண்ணு நல்லா இளகியிருந்துச்சு. நான் கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, மண்வெட்டியோட எங்க வீட்டு வேலி ஓரம் நிக்கிறேன். எனக்கு முன்னால செராய் வாங்கி வரிசை. கேட்டுல ஆரம்பிச்சு சமையல்கட்டுப் பின்பக்கம் வரைக்கும், இடுப்பு உயரத்துக்கு, கும்முன்னு வளர்ந்து நிக்குது.

செராய் வாங்கின்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கறியில போடுற செராய், அதான் எலுமிச்சைப் புல்லு, அது வேற. இது தண்டு சிவப்பா, வாசம் தூக்கலா இருக்கும். வாயில வைக்க முடியாது. கொசுவுக்கு, பூச்சிக்குன்னு வேலி ஓரம் வைப்பாங்க.

ஒரு வெட்டு போட்டேன். தண்டு நசுங்கி வாசம் மூக்குல ஏறுச்சு. பின்னால ஓடிக்கிட்டிருந்த தண்ணிக்குழாய்ச் சத்தம் நின்னுச்சு.

"வைங்க கீழே."

என் மனைவி விஜயா. கையில ரப்பர் குழாய்.

"இல்ல விஜி, இதையெல்லாம் பிடுங்கிட்டு ஒரு ரெண்டு கறிவேப்பிலைக் கன்னு..."

"வைங்க கீழேன்னு சொன்னேன். அதுல ஒன்னைக்கூட பிடுங்கக் கூடாது."

முப்பத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தியாச்சு. என்கிட்ட அவ அந்தக் குரல்ல பேசினது இல்ல. துறைமுகத்துல எத்தனை பேரைச் சத்தம் போட்டு ஓட விட்டவன் நான். அன்னிக்கு ஸ்கூல் பையன் மாதிரி மண்வெட்டியைச் சுவத்துல சாய்ச்சு வச்சேன். அவ குழாயைத் திருப்பி, நான் வெட்டின தூருக்குத்தான் முதல்ல தண்ணி விட்டா.

ஏன்னு கேட்கத் தோணும். சொல்றேன்.

பேருதான் பிளாக்கி

எங்க நாய்க்கு பிளாக்கின்னு பேரு. நெறம் செம்மண் கலரு. பேரு வச்சது விஜிதான். கிள்ளான் பாசாருக்கு மீன் வாங்கப் போனவ, நல்ல மழையில, லோங்காங்ல விழுந்து சாக்கடையோட சாக்கடையா கத்திக்கிட்டுக் கிடந்த குட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தா. வரும்போது கறுப்பாத்தான் இருந்துச்சு. குளிப்பாட்டின பிறகு பார்த்தா சிவப்பு. "பரவால்ல, வச்ச பேரு வச்சதுதான்"னுட்டா.

மீன் வாங்காம வந்துட்டா. அன்னிக்கு ரசமும் அப்பளமும்தான்.

மகள் மாலதி கல்யாணமாகி ஜோகூருக்குப் போன பிறகு, வீட்ல விஜி பேசுறதெல்லாம் அந்த நாய்க்கிட்டதான். என்கிட்ட என்ன பேசுறது? நான் லோரியில இருந்து வந்தா சாப்பிட்டுப் படுக்கிற ஆளு. பிளாக்கி அப்படி இல்ல. அவ பூ தொடுக்கும்போது பக்கத்துல உட்காரும். அவ சாமி கும்பிட்டா வாசப்படியில காத்துக்கிட்டு இருக்கும். நெத்தியில ஒரு துளி திருநீறு வாங்காம எழுந்திருக்காது. நான் பென்ஷன் வாங்கி வீட்டோட உட்கார்ந்த பிறகுதான் இதையெல்லாம் பார்த்தேன். எனக்கு லேசா பொறாமை. இப்போ சொல்றதுல என்ன வெட்கம்.

நாய் வளர்க்கிற வீட்டுக்கு இந்த நாட்ல உண்ணிதான் பெரிய சனியன். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற ஊரு இது. நாய் மேல மட்டும் இருக்கும்னு நினைக்காதீங்க. சுவத்துல ஏறும், சீலிங் வரைக்கும் போகும். கதவு இடுக்குல முட்டை வச்சு, மிளகைக் கொட்டினாப்புல குஞ்சு பொரிச்சு ஊரும்.

விஜி அதுக்கெல்லாம் இடம் குடுத்ததே இல்ல. மாசம் ஒரு மாத்திரை. முதல் ஞாயித்துக்கிழமை, கோழி ஈரல் துண்டுக்குள்ள வச்சு வாயில போட்டுடுவா. உண்ணி வந்து கடிச்சாலும் அந்த ரத்தத்தைக் குடிச்சுச் செத்துப்போகும். இத்தனை வருஷத்துல பிளாக்கி காதுல ஒரு உண்ணியை நான் பார்த்தது இல்ல. அது மாத்திரையால வந்ததுன்னு எனக்குப் புரியல. எங்க வீட்டு ராசின்னு நினைச்சுக்கிட்டேன்.

நேர்த்திக்கடன்

ஒரு வருஷம் விஜிக்கு மார்ல கட்டி. டாக்டர் ஊசி வச்சு எடுத்து சோதனைக்கு அனுப்பிட்டாரு. ரிசல்ட்டு வர்ற வரைக்கும் அவ தைரியமாத்தான் இருந்தா. நான்தான் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன். 'முருகா, ஒன்னுமில்லைன்னு வந்துட்டா பத்துமலைக்குப் பால் காவடி எடுக்கிறேன்'னு வேண்டிக்கிட்டேன்.

ஒன்னுமில்லைன்னே வந்துச்சு. வெறும் கொழுப்புக் கட்டி.

அந்த வருஷத் தைப்பூசத்துக்கு நாப்பத்தெட்டு நாள் விரதம்னு ஆரம்பிச்சேன். பிரிக்பீல்ட்ஸ்ல மணியம் அண்ணேன்னு ஒருத்தர். எங்க ஆளுங்க பத்துப் பதினைஞ்சு பேருக்கு அவருதான் வருஷா வருஷம் மாலை போட்டு, காவடி கட்டிக் கூட்டிக்கிட்டுப் போவாரு. மாலை போட்ட அன்னிக்கு வரிசையா உட்கார வச்சு சட்டத்தைச் சொன்னாரு. ஒரு வேளைச் சாப்பாடு. சைவம். தரையில பாய். முகச்சவரம் கிடையாது. கோவப்படக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, ஒரு உயிரைக் கொல்லக் கூடாது.

எல்லாருக்கும் சொன்னதுதான். நான் மட்டும் கடைசியா சொன்னதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன்.

மாலை போட்ட மறுநாள் மாலதிக்குப் பிரசவம். விஜி ஜோகூருக்குக் கிளம்பினா. பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்க ரெண்டு மாசம் ஆகும்னா. கிளம்பும்போது அவளுக்கு என்னைப் பத்திக் கவலையே இல்ல. சைவச் சமையல் எனக்குத் தெரியும். நாயைப் பத்தித்தான் கவலை.

"முதல் ஞாயித்துக்கிழமை ஒன்னு, அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை ஒன்னு. ரெண்டு மாத்திரை. டப்பா பிரிட்ஜு மேல இருக்கு. இப்போ ஈரல் கிடையாது, சீஸ் துண்டுல வச்சுக் குடுங்க, முழுங்கிடும். மறந்துடாதீங்கங்க."

"மறப்பேனா லா? போய்ட்டு வா."

பஸ் ஸ்டாண்டுக்குப் போற டாக்சிக் காடியில ஏறி உட்கார்ந்தவ, கண்ணாடியை இறக்கி இன்னொரு தடவை சொன்னா. "காலண்டர்ல வட்டம் போட்டிருக்கேன்."

சாமி மேடைக்கு முன்னால

முதல் ஞாயித்துக்கிழமை வந்துச்சு. குளிச்சுட்டு, விளக்கு ஏத்திட்டு, மாத்திரையைக் கையில எடுத்தேன். பிளாக்கி வழக்கம்போல வாசப்படியில உட்கார்ந்து வாலை ஆட்டுது.

அப்போதான் என் மண்டைக்குள்ள அந்த யோசனை. இந்த மாத்திரை எதுக்கு? உண்ணியைக் கொல்றதுக்கு. கொடுக்கிறது யாரு? நான். அப்போ கொலை யாரு கணக்குல? கழுத்துல மாலையைப் போட்டுக்கிட்டு இதைச் செய்யலாமா?

இப்போ எழுதும்போது எனக்கே அசிங்கமா இருக்கு. அன்னிக்குப் பெரிய ஞானி மாதிரி உணர்ந்தேன். மத்தவங்க கவுச்சியை மட்டும் விட்டாங்க, நான் எவ்வளவு ஆழமா யோசிக்கிறேன் பாருன்னு ஒரு திமிரு. மாத்திரை டப்பாவை சாமி மேடையில எண்ணெய் பாட்டிலுக்குப் பின்னால வச்சேன். நாயோட நெத்தியில திருநீறு பூசினேன். "முருகன் பார்த்துக்குவான், போ"ன்னேன். அது சீஸ் துண்டை எதிர்பார்த்து இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துச்சு.

கொல்லக் கூடாது, ஆனா விரட்டலாம் இல்லியா? அப்படித்தான் செடிக்கு வந்தேன். காவடிக் குரூப்புல யாரோ ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. 'உண்ணியை இயற்கையாக விரட்டும் தோட்டச் செடிகள்.' கீழே படங்களோட பட்டியல். செராய் வாங்கி, துளசி, சாமந்தி, புதினா, நொச்சி, வேம்பு, ரோஸ்மேரி. எனக்காகவே எழுதின மாதிரி இருந்துச்சு. உண்ணி உயிரும் போகாது, நாயும் பிழைச்சுக்கும்.

பூச்சோங் நர்சரி அக்கா

பூச்சோங் போற வழியில, ரோட்டோரமா ஒரு நர்சரி. அந்த அக்கா தலையில துண்டைக் கட்டிக்கிட்டு உரமூட்டைக்கு நடுவுல நின்னுச்சு. நான் பட்டியலைக் காட்டினேன்.

"இவ்ளோவும் எதுக்குண்ணே?"

"நாய்க்கு உண்ணி வராம இருக்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துச்சு. தாடி, மாலை, காவி வேட்டி.

"அண்ணே, செடி விக்கிறவதான் நான். இருந்தாலும் சொல்றேன். வாசத்துக்குக் கொஞ்சம் பூச்சி ஒதுங்கும். கொசுவுக்கு ஓரளவு கேட்கும். நாய் உண்ணிக்கு இதை நம்பி உட்கார்ந்துடாதீங்க. மருந்து குடுத்துக்கிட்டே இதையும் வைங்க. செராய் புதராயிட்டா அடியில வெட்டி விடணும், இல்லன்னா அதுலயே பூச்சி குடியிருக்கும்."

"சரி சரி, ஏத்துங்கக்கா"ன்னேன்.

பாருங்க, சொல்ல ஆளில்லாம கெட்டுப்போனவன் இல்ல நான். செடி விக்கிறவளே செடியை நம்பாதேன்னு சொன்னா. விக்கத் தெரியல இவளுக்குன்னு நினைச்சுக்கிட்டே வண்டியை எடுத்தேன்.

நாலு நாள் வேலை செஞ்சேன். வேலி முழுக்க செராய் வாங்கி, வளர்ந்த தூராவே வாங்கினது. வாசல்ல சாமந்தி, பக்கத்துல புதினா. நாய் படுக்கிற இடத்தைச் சுத்தி துளசித் தொட்டி. மூலையில வேப்பங்கன்னு. ரோஸ்மேரி மட்டும் கிள்ளான் மழைக்குத் தாங்காம ஒரே வாரத்துல அழுகிப்போச்சு. அதுக்காவது புத்தி இருந்துச்சு.

வீடே மணக்குது. படம் எடுத்துக் குரூப்புல போட்டேன். 'சூப்பர் பாஸ்', 'முருகா சரணம்'னு வரிசையா வந்துச்சு. நாலு பேரு கன்னு கேட்டாங்க. கொடுத்தேன். அதுவும் என் கணக்குலதான்.

லோரிக்கு இருந்த புத்தி

இந்த இடத்துல ஒரு பழைய கதை சொல்லணும். நான் லோரி ஓட்டின காலத்துல, வெள்ளிக்கிழமை தவறாம நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். முன் கண்ணாடியில முருகன் படம், பூ, ஊதுபத்தி. அதே நேரம், வண்டிக்கு அடியில படுத்து பிரேக் பைப்பைக் கையால தடவிப் பார்க்காம ஒரு நாளும் ரோட்ல ஏறினது இல்ல. கெந்திங் மலையில லோடோட இறங்குறவன் வேற எப்படி இருக்க முடியும்?

எலுமிச்சம்பழமும் வச்சேன், பிரேக்கும் பார்த்தேன். எனக்கு அது ரெண்டும் ஒன்னுக்கொன்னு எதிரின்னு ஒரு நாளும் தோணினது இல்ல. ஏன்னா பிரேக் போனா சாகிறது நானு. நாய் விஷயத்துல சாகப்போறது நான் இல்ல. அதான் அவ்ளோ பக்தி வந்துச்சு எனக்கு.

டப்பாவுல உண்ணி

மூணாவது வாரம் பாய்ல படுத்திருக்கேன். கையில என்னமோ ஊருது. உண்ணி. தரையில படுக்கிறவனுக்கு முதல்ல தெரியும்ல?

காலையில பிளாக்கி காதைப் புரட்டிப் பார்த்தா, மடிப்புக்குள்ள ஏழெட்டு. ஒவ்வொன்னும் பச்சைப் பட்டாணி மாதிரி ஊதிக்கிட்டு. சரி, செடி இன்னும் வேர் பிடிக்கல, பிடிச்சதும் ஓடிடும்னு எனக்கு நானே சமாதானம்.

அப்புறம் நான் செஞ்சதைக் கேளுங்க. ஒவ்வொரு உண்ணியாப் பிடுங்கி, நசுக்காம, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடி, தெருக்கோடியில பிள்ளைங்க பந்து விளையாடுற பாடாங்குக்கு நடந்து போய், புல்லுல தட்டி விட்டுட்டு வந்தேன். தினமும். பக்கத்து வீட்டு சீனத்து அங்கிள் ஒரு நாள் வழிமறிச்சு டப்பாவுல என்னன்னு கேட்டாரு. சொன்னேன். அவருக்கு நம்ப முடியல.

"பாஸ், நாயைத்தான் எல்லாரும் வாக்கிங் கூட்டிக்கிட்டுப் போவாங்க. நீ உண்ணியை வாக்கிங் கூட்டிக்கிட்டுப் போறியா?"

நான் சிரிச்சேன். உனக்கு என்னய்யா தெரியும் விரதத்தைப் பத்தின்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

விஜி தினமும் சாயந்திரம் போன் அடிப்பா. குழந்தை பால் குடிச்சது, மாலதி தூங்கினது எல்லாம் சொல்லிட்டு, கடைசியில, "பிளாக்கி எப்படிங்க?"

"ஜம்முன்னு இருக்கு."

"மாத்திரை குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சு லா. எத்தனை தடவை கேட்பே?"

பொய் சொல்லக் கூடாதுங்கிறதும் விரதத்துல இருக்கு. உண்ணியைக் கொல்லக் கூடாதுன்னு தெரிஞ்ச எனக்கு அது ஞாபகம் வரல.

அடுத்த மாசத்து ஞாயித்துக்கிழமை வட்டமும் வந்துச்சு. அதுவும் போச்சு.

பூசத்துக்கு நாலு நாள்

பூசத்துக்கு நாலு நாளுக்கு முன்னால பிளாக்கி சோத்தை மோந்து பார்த்துட்டு நகர்ந்துருச்சு. மறுநாள் எழுந்து நடக்கும்போது பின்னங்கால் பின்னிக்கிச்சு. வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு வெள்ளையா, சுண்ணாம்பு அடிச்சாப்புல. மஞ்சளையும் வேப்பிலையையும் அரைச்சுத் தடவினேன். தேங்காத்தண்ணி குடுத்தேன்.

பூசத்துக்கு முதல் நாள் மூக்குல ரத்தம். ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு, தரையில.

அப்பவாவது தூக்கிக்கிட்டு ஓடியிருக்கலாம். கிளினிக் பத்து நிமிஷம்தான். போனா ஊசி போடுவாங்க, உண்ணியெல்லாம் சாகும். நாப்பத்தேழு நாள் காத்த விரதம் கடைசி நாள்ல கெட்டுப்போகும். ஒரு நாள்தானே, காவடியை இறக்கி வச்சுட்டு வந்து பார்த்துக்கலாம்னு முடிவு பண்ணினேன். துளசித் தொட்டிக்கு நடுவுல துண்டை விரிச்சு படுக்க வச்சேன். தண்ணி வச்சேன். என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

பத்துமலையில படி ஏறும்போது என் தோள்ல பாரமே தெரியல. கூட வந்தவங்க, 'அண்ணே மேல முருகன் இறங்கிட்டான்'னாங்க. நானும் நம்பினேன்.

மறுநாள் கிளினிக்ல, ஒரு சின்ன வயசு சீன டாக்டரம்மா. காதை மடக்கினாங்க, ஈறைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. மலாய்லதான் பேசினாங்க. உண்ணிக் காய்ச்சல். ரத்தமெல்லாம் உடைஞ்சுபோச்சு.

"அங்கிள், மாசா மாசம் மருந்து குடுத்தீங்களா?"

நான் குனிஞ்சு பிளாக்கி காதைத் தடவினேன்.

"ஒரு வாரம் முன்னாடி கொண்டு வந்திருந்தாக்கூட பார்த்திருக்கலாம், அங்கிள்."

அடுத்த நாள் மதியம் கிளினிக்லயே பிளாக்கி செத்துப்போச்சு. அங்கேயே எரிச்சுடுங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். விஜி வந்து கடைசியா ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறதுக்குக்கூட ஒன்னும் மிச்சம் வைக்கல.

போன்ல சொன்னேன். பின்னால பேரன் அழுவுறது மட்டும் கேட்டுச்சு. அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"மாத்திரை குடுத்தீங்கதானே?"

"குடுத்தேன்"னேன். செத்த நாய் மேல நின்னுக்கிட்டு இன்னொரு பொய்.

எண்ணெய் பாட்டிலுக்குப் பின்னால

விஜி மறுநாளே பஸ் பிடிச்சு வந்துட்டா. செருப்பைக் கழட்டிட்டு, முகத்தைக் கழுவிட்டு, நேரா விளக்கு ஏத்தப் போனா. எத்தனையோ நேரம் இருந்துச்சு எனக்கு, அந்த டப்பாவை எடுத்துக் குப்பையில போட. தோணவே இல்ல. அதை அங்க வச்சதையே மறந்துட்டேன்.

எண்ணெய் பாட்டிலை எடுத்தா. டப்பா இருந்துச்சு. திறந்து பார்த்தா. ரெண்டு மாத்திரையும் தாள்கூடப் பிரியாம இருக்கு.

"விஜி, விரதம்டி... உயிரைக் கொல்லக் கூடாதுன்னு... உனக்காகத்தானே நான் காவடி..."

"எனக்காகவா?"

அவ கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"நான் கேட்டேனா உங்ககிட்ட? நான் உங்ககிட்ட கேட்டது ரெண்டு மாத்திரை."

அன்னிக்கு விளக்கு ஏத்தல. டப்பாவை இருந்த இடத்துலயே வச்சுட்டுப் போயிட்டா.

அடுத்த வாரம் பூச்சி மருந்து அடிக்க சாலாக் செலாத்தான்ல இருந்து ஒருத்தர் வந்தாரு. சாமி மேடையில முருகன் படத்தைக் கழட்டித் திருப்பினாரு. சட்டத்துக்குப் பின்னால, அட்டை முழுக்க, உண்ணி. பெருசு, சிறுசு, முட்டை. வெளியே போய் செராய்த் தூரை விலக்கிக் காட்டினாரு. அடியிலயும் அதேதான், காஞ்ச தோகைக்குள்ள குடும்பம் நடத்திக்கிட்டு இருந்துச்சுங்க. நாயை எங்கே படுக்க வச்சிருந்தீங்கன்னு கேட்டாரு. துளசித் தொட்டியைக் காட்டினேன். தொட்டியை நகர்த்தினாரு. நான் உள்ளே போயிட்டேன்.

மணியம் அண்ணே

ஆறுதல் தேடி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். அவரு சொன்னதைத்தானே செஞ்சேன், அவரு வாயால ஒரு வார்த்தை, 'நீ தப்பு பண்ணல'ன்னு சொல்லிட்டா போதும்னு இருந்துச்சு. மணியம் அண்ணே பசியாறிக்கிட்டு இருந்தாரு. முழுசாக் கேட்டாரு. இட்டிலியைத் தட்டுல வச்சாரு.

"நாய்க்கு வைத்தியம் பார்க்காதேன்னு எந்த முருகன்யா சொன்னான்? நான் சொன்னேனா?"

"உயிரைக் கொல்லக் கூடாதுன்னு..."

"ஏன்யா, விரதத்துலதான் எங்க பிளாட்ல டெங்கிக்குப் புகை அடிச்சாங்க. நான் போய் மறிச்சுக்கிட்டா நின்னேன்? ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா குடுன்னு சொல்லியிருப்பாரு. அது எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். அதனாலதான் கேட்கல. எல்லாரையும் விட ஒரு படி கூடுதலா விரதம் இருக்கிறவன்னு ஒரு சுகம் இருந்துச்சு பாருங்க, அதை விட மனசு வரல. அந்தச் சுகத்துக்கு நாயைக் குடுத்தேன். இதுதான் உண்மை. வேற எப்படி எழுதினாலும் அது சப்பைக்கட்டு.

மறுபடியும் வேலி ஓரம்

அதுக்கப்புறம்தான் அந்தச் சனிக்கிழமை. மண்வெட்டி, ஒரு வெட்டு, 'வைங்க கீழே.'

அன்னியில இருந்து தினமும் சாயந்திரம் அவதான் தண்ணி விடுறா. நர்சரி அக்கா சொன்ன மாதிரி அடித்தூரை வெட்டிக் காஞ்சதை எடுத்துடுறா. உரம் வைக்கிறா. நான் வச்சப்போ இருந்ததை விட இப்போ ரெண்டு மடங்கு. காத்து அடிச்சா ஹால் வரைக்கும் அந்த வாசம் வரும். சாப்பிடும்போது வரும். படுக்கும்போது வரும். அவ என்னைத் திட்டினதே இல்ல. சோறு போடுறா, மருந்து எடுத்து வைக்கிறா, பேசுறா. வேற நாய் வேணுமான்னு மாலதி கேட்டா, வேணாம்னு மட்டும் சொல்லுவா. ஏன்னு சொல்ல மாட்டா.

வர்றவங்க போறவங்க வேலியைப் பார்த்துப் புகழுவாங்க. நான் இத்தனை வருஷமா ஒரே பதில்தான் வச்சிருந்தேன். "ஆமா, நல்ல வாசம்." அதைச் சொல்றப்போ விஜி என் முகத்தையே பார்ப்பா.

போன மாசம் எதிர்வீட்டுக்கு ஒரு இளம் தம்பதி கம்போங் மேடான்ல இருந்து மாறி வந்தாங்க. அந்தப் பொண்ணு கையில ஒரு நாய்க்குட்டி. கறுப்பு, அசல் கறுப்பு. விஜி தண்ணி விட்டுக்கிட்டு இருந்தா. நான் போர்ச்சுல பேப்பர் படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆன்டி, இது உண்ணி வராம இருக்க வைக்கிற செடிதானே? நெட்ல பார்த்தேன். நல்லா வேலை செய்யுதா? எனக்கு ஒரு தூர் தருவீங்களா?"

விஜி குழாயைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு, "வச்சவரு அங்க உட்கார்ந்திருக்காரு. அவரைக் கேளும்மா"ன்னா.

அந்தப் பொண்ணு என்னைப் பார்க்குது. குட்டியும் பார்க்குது. 'நல்ல வாசம்மா'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. விஜி என் முகத்தைப் பார்த்துக்கிட்டு நின்னா.

பேப்பரை மடிச்சு வச்சேன்.

"வாசம் வரும்மா. உண்ணி போகாது. நாங்க ஒரு நாய் வச்சிருந்தோம். மாத்திரை வீட்லயே இருந்துச்சு. நான் குடுக்காம இந்தச் செடியை வச்சேன், வீட்டுக்காரிகிட்ட குடுத்தேன்னு பொய்யும் சொன்னேன். நாய் செத்துப்போச்சு. இன்னிக்கே குட்டியை டாக்டர்கிட்ட தூக்கிக்கிட்டுப் போ."

"சாரி அங்கிள்"னுச்சு. குட்டியை நெஞ்சோட இறுக்கிக்கிட்டு, செடியும் கேட்காம, ரோட்டைத் தாண்டிப் போயிருச்சு. கொஞ்ச நேரத்துல அவங்க காடி கிளம்பிப் போற சத்தம் கேட்டுச்சு.

என் தப்புன்னு அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எழுந்து விஜி பக்கத்துல போய் நின்னேன்.

"சொல்லிட்டேன் விஜி. இப்போவாவது இதைப் பிடுங்கிடட்டுமா?"

அவ என்னைத் திரும்பிப் பார்க்கல. தண்ணியை அடுத்த தூருக்குத் திருப்பினா.

"இருக்கட்டும்ங்க. இன்னும் கேட்க ஆளு வருவாங்க."